எபிசோட் 41: பாதி மட்டும் மிஞ்சிய ஓவியம்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தீங்க, நன்றி. அதுல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "வெளிநாடு போனா மியூசியம் பார்த்தே ஆகணுமா? ரெண்டு மணி நேரம் கால் வலிக்க நடந்து, ஒண்ணும் புரியாம, கடைசியில ஒரு ஃபிரிட்ஜ் மேக்னட் வாங்கிட்டு வர்றதுக்கா?"

நியாயமான கேள்விதான். 2019 வரைக்கும் நானும் அதே கட்சி. இன்னைக்கு நான் ஏன் கட்சி மாறினேன் என்று சொல்லப் போறேன். ஒரே ஒரு மியூசியம், அதுக்குள்ள ஒரே ஒரு ஓவியம். சரியாகச் சொன்னால் ஒரு ஓவியம்கூட இல்லை, பாதி ஓவியம்.

இடம் டோக்கியோ, உவேனோ. ரயில் நிலையத்தில் பார்க் பக்கம் இருக்கிற வாசலில் வெளியே வந்தால் வலது பக்கம் ஒரு சாம்பல் நிறக் கட்டடம். தூண்கள் மேல தூக்கி வைத்த ஒரு சதுரப் பெட்டி மாதிரி இருக்கும். அதுதான் தேசிய மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம். வேலை விஷயமாகப் போயிருந்த எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடைத்தது. அங்கேயே வேலை பார்க்கிற என் காலேஜ் நண்பன்தான் இழுத்துட்டுப் போனான். "ஜப்பானுக்கு வந்து எதுக்குடா ஐரோப்பிய ஓவியம் பார்க்கணும்? அதுக்கு பாரிஸ் போக மாட்டேனா?" என்று கேட்டேன். "உள்ள வா, அதுக்குத்தான் பதில் இருக்கு" என்றான்.

அந்தக் கோடையில் மியூசியத்தின் 60ஆம் ஆண்டு. அதுக்காக ஒரு பெரிய கண்காட்சி வைத்திருந்தார்கள். பையை லாக்கரில் வைத்தோம். நூறு யென் நாணயம் போட்டால் பூட்டும். திரும்ப வந்து திறந்தால் நாணயம் நமக்கே வந்துடும். கண்காட்சிக்குள்ளே படம் எடுக்கக் கூடாது என்று போட்டிருந்தது. சரி, குறிப்பாவது எழுதுவோம் என்று நோட்டையும் பேனாவையும் எடுத்தேன். அரை நிமிஷம்கூட ஆகலை. மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பணியாளர் அம்மா சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து, ரெண்டு கையாலயும் ஒரு பென்சிலை நீட்டினாங்க. முதலில் புரியலை. நண்பன்தான் காதில் சொன்னான்: "பேனா மை ஓவியத்து மேல பட்டா போகாதுடா. இங்க பென்சில் மட்டும்தான்."

எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருந்தது. நான் எங்கே, ஓவியம் எங்கே? ரெண்டு மீட்டர் இடைவெளி இருக்கு. ஆனால் கடைசி அறைக்குப் போனதுக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு வரலை.

கதையின் நாயகன் பெயர் கோஜிரோ மட்சுகதா. அப்பா ஜப்பானின் பிரதமராக இருந்தவர். மகன் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து 1896ல் கவாசாகி கப்பல் கட்டும் தளத்தின் முதல் தலைவர் ஆகிறார். ஆமாம், நீங்க பைக்கில் பார்க்கிற அதே கவாசாகியின் முன்னோடிதான். முதல் உலகப் போர் வருது. கப்பலுக்குத் தட்டுப்பாடு. மட்சுகதா என்ன செய்கிறார் என்றால், ஆர்டர் வரும் வரை காத்திருக்காமல் ஒரே மாதிரி கப்பல்களை முன்கூட்டியே கட்டி வைத்து விற்கிறார். பணம் கொட்டுது.

1916ல் லண்டன் போனவர், ஓவியம் வாங்க ஆரம்பிக்கிறார். ஃபிராங்க் பிராங்வின் என்ற பிரிட்டிஷ் ஓவியர் நண்பராகிறார், ஆலோசகராகிறார். மட்சுகதாவின் எண்ணம் இதுதான்: ஜப்பானில் எண்ணெய் வண்ண ஓவியம் கற்கிற இளைஞர்கள் பலரும் ஒரு அசல் ஐரோப்பிய ஓவியத்தைக்கூட நேரில் பார்த்தது கிடையாது. அச்சில் வந்த படத்தைப் பார்த்துத்தான் வரையறாங்க. அவங்களுக்காக டோக்கியோவில் ஒரு மியூசியம் கட்டணும். கட்டடத்துக்கு பிராங்வினிடம் வடிவமைப்பே வாங்கி வைத்திருந்தார். 1921ல் பிரான்ஸில் கிவெர்னி என்ற ஊருக்குப் போய், தோட்டமும் குளமுமாக வாழ்ந்துகொண்டிருந்த கிழவர் மோனேயைச் சந்தித்து, அவரிடமிருந்தே ஓவியங்கள் வாங்கினார். ரோடானின் சிற்பங்களை மொத்தமாக ஆர்டர் செய்தார். பிரெஞ்சு நகை வியாபாரி ஒருவரிடம் இருந்த ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள், ஏறக்குறைய 8,000, அதையும் வாங்கித் தாய்நாட்டுக்குத் திருப்பினார்.

எல்லாம் சேர்ந்து பத்தாயிரம் படைப்புகள் அளவுக்கு வந்துடுச்சு. மியூசியம் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

அங்கிருந்துதான் சரிவு. 1924ல் ஜப்பான் அரசு ஆடம்பரப் பொருட்களுக்கு நூறு சதவீத இறக்குமதி வரி போடுது. ஓவியமும் ஆடம்பரம்தான். லண்டனிலும் பாரிஸிலும் வாங்கி வைத்ததைக் கொண்டுவரணும் என்றால் விலைக்குச் சமமாக வரி கட்டணும். அதனால் அங்கேயே கிடங்கில் விட்டு வைக்கிறார். 1927ல் நிதி நெருக்கடி. கடன் கொடுத்த வங்கி விழுது, கூடவே கவாசாகியும் தள்ளாடுது. ஜப்பானுக்கு வந்து சேர்ந்திருந்த ஓவியங்கள் ஏலத்துக்குப் போய், ஆளுக்கொன்றாகச் சிதறிப்போச்சு.

லண்டனில் இருந்தவை? 1939ல் கிடங்கு தீப்பிடித்தது. சுமார் 950 படைப்புகள் சாம்பல். குண்டு எதுவும் விழலைங்க. வெறும் தீ விபத்து.

மிச்சம் பாரிஸில் இருந்த நானூறு. அவை ரோடான் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தன. ரெண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கும்போது, அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹியோகி கோசாபுரோ. ஜப்பானியக் கடற்படையில் இருந்தவர். பாரிஸுக்கு மேற்கே அபோந்தான் என்ற கிராமத்துக்கு ஓவியங்களை எடுத்துட்டுப் போய் ஒளித்து வைக்கிறார். பணம் வருவது நின்னு போச்சு. காப்பாற்றுவதற்குச் செலவு இருக்கு. வேறு வழியில்லாமல் சில ஓவியங்களை விற்று, அந்தக் காசில் மற்ற ஓவியங்களைக் காப்பாற்றினார்.

இந்த இடத்தில் நானும் நண்பனும் மியூசியத்துக்குள்ளேயே கிசுகிசுப்பாகச் சண்டை போட்டோம். "அடுத்தவன் பொருளை விற்க இவருக்கு என்ன உரிமை?" என்றேன் நான். "விற்கலைன்னா மொத்தமும் போயிருக்கும். நீ என்ன பண்ணியிருப்ப?" என்றான் அவன். என்னிடம் பதில் இல்லை. இப்பவும் முழுசா இல்லை.

போர் முடியுது. பிரான்ஸ் அந்தத் தொகுப்பைக் கைப்பற்றுகிறது. காரணம், ஜப்பானியருடைய சொத்து என்றால் எதிரியின் சொத்து. யோசிச்சுப் பாருங்க. மோனே பிரெஞ்சுக்காரர். வரைந்தது பிரான்ஸில். காசு கொடுத்து முறையாக வாங்கினது ஜப்பானியர். அந்தக் குளமும் தாமரையும் ஒரு நாள் காலையில் எதிரி நாட்டுச் சொத்து ஆயிடுது.

1951ல் சான் பிரான்சிஸ்கோவில் அமைதி ஒப்பந்தம் நடந்தபோது ஜப்பான் பிரதமர் யோஷிதா ஷிகேரு பிரான்ஸிடம் இந்தப் பேச்சை எடுத்தார். அதுக்கு அப்புறம் வருஷக்கணக்கில் இழுபறி. சண்டையில் பாதி ஒரு வார்த்தையைப் பற்றியது. ஜப்பான் சொன்னது, "திருப்பித் தாங்க." பிரான்ஸ் சொன்னது, "திருப்பித் தர மாட்டோம், நன்கொடையாகத் தருவோம்." திருப்பித் தருவது என்றால் எடுத்தது தப்பு என்று ஆகிவிடும். நன்கொடை என்றால் நம்ம பெருந்தன்மை. கடைசியில் ஜப்பானியர்கள் ரெண்டு வார்த்தையையும் சேர்த்து ஒட்டி, நன்கொடைத் திருப்பம் என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு சொல்லைப் பயன்படுத்தினார்கள். அலுவலகத்தில் நாம அனுப்புற மெயிலில் வார்த்தையைச் சமாளிப்போமே, அதே வேலைதான், ரெண்டு நாடுகள் செய்தது.

பிரான்ஸ் நிபந்தனையும் போட்டது: இதையெல்லாம் வைக்க ஒரு தனி மியூசியம் கட்டணும். கட்டினார்கள். 375 படைப்புகள் வந்தன. 1959 ஜூனில் மியூசியம் திறந்தது. மட்சுகதா அதைப் பார்க்கலை. 1950லயே போயிட்டார்.

எல்லாமே திரும்பி வந்துடலை. முக்கியமான சிலவற்றை பிரான்ஸ் தன்னிடமே வைத்துக்கொண்டது. வான்கோ வரைந்த ஆர்ல் ஊர்ப் படுக்கையறை தெரியும்தானே? மஞ்சள் கட்டில், ரெண்டு நாற்காலி, சாய்ந்த தரை. அதில் மூன்று வடிவங்கள் உண்டு. இன்னைக்கு பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருப்பது மட்சுகதாவுடையது. அந்த 60ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு அதை இரவல் கொடுத்திருந்தார்கள். சுவரில் அதன் பக்கத்தில் ஓர்சேயின் பெயர் போட்ட சின்ன அட்டை. யாருக்காக வாங்கப்பட்டதோ அந்த மக்கள் முன்னால விருந்தாளியாக வந்து நிற்கிறது. பார்த்துட்டு அது திரும்ப விமானம் ஏறிடும். ஒரு வயசான தம்பதி அந்த ஓவியத்தை விட்டு அந்த அட்டையை ரொம்ப நேரம் படித்துக்கொண்டு நின்றார்கள். அவங்க என்ன நினைச்சாங்கன்னு எனக்குத் தெரியாது.

இப்போ அந்தப் பாதி ஓவியத்துக்கு வருவோம்.

மோனே 1916ல் வரைந்த பெரிய ஓவியம் ஒன்று. குளத்து நீரில் அல்லிகள், கூடவே கரையில் நிற்கிற வில்லோ மரத்தின் நிழல் தண்ணீரில் தலைகீழாக விழுந்திருக்கும். அகலம் நாலேகால் மீட்டர், உயரம் ரெண்டு மீட்டர். மட்சுகதா வாங்கினது. போர்க்காலத்தில் ஒளித்து வைத்திருந்தபோது ஈரத்தில் கெட்டுப்போனதாகக் கருதுகிறார்கள். 1959ல் திரும்பி வந்த பட்டியலில் அது இல்லை. இத்தனை சேதமானதை யார் கணக்கில் எடுப்பாங்க? சுருட்டி ஓரமாக வைத்தது, மறந்தே போச்சு.

2016ல் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கிடங்கில் அந்தச் சுருள் கிடைத்தது. அடுத்த வருஷம் டோக்கியோ வந்து சேர்ந்தது. மேல் பாதி ஏறக்குறைய முழுக்கவே காணோம். மியூசியத்தின் மறுசீரமைப்புக் குழு, மிஞ்சியிருந்ததைச் சுத்தம் செய்து, உதிர்கிற வண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, 2019ல் மக்களுக்குக் காட்டினார்கள்.

நான் அதைப் பார்த்தது கண்காட்சியின் கடைசியில். கீழே நீலமும் பச்சையுமாகத் தண்ணீர். மேலே கண்ணைக் கொண்டுபோனால் வண்ணம் கிழிந்த விளிம்பாக முடியுது. அதுக்கு மேல வெறும் வெளி. நாலு மீட்டர் அகலத்துக்கு ஒன்றுமே இல்லாத இடம்.

என் முதல் எண்ணம் என்ன தெரியுமா? மீதியை யாராவது வரைந்து முடிச்சிருக்கலாமே என்பதுதான். நண்பன் அதைச் சத்தமாகவே சொன்னான். "ஃபோன் ஸ்கிரீன் உடைஞ்சா மாத்துறோம்ல? பழைய ஃபோட்டோ இருக்கும்ல? நல்ல ஓவியர் ஒருத்தரை வெச்சு முடிச்சிட வேண்டியதுதானே?"

ஃபோட்டோ இருந்தது. கெட்டுப்போவதற்கு முன்பு எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பிரான்ஸில் கிடைத்தது. அதை வைத்து, மிஞ்சிய பகுதியின் வண்ணங்களை ஆராய்ந்து, முழு ஓவியம் எப்படி இருந்திருக்கும் என்று கணினியில் ஊகித்து ஒரு டிஜிட்டல் வடிவம் தனியாகச் செய்தார்கள். ஆனால் அதை அசல் துணி மேல ஏற்றலை. ஊகம் ஊகமாகத் திரையில் இருக்கட்டும், மோனே தொட்ட இடம் மோனே தொட்டதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஃபோனை எடுக்க முடியாது. அதனால் வேறு வழியில்லாமல் நின்று பார்த்தேன். பத்து நிமிஷம் கழித்துத்தான் ஒரு விஷயம் உறைத்தது. மேலே அந்த வெறுமையில் வரைந்து முடித்திருந்தால் நான் "அழகா இருக்கு" என்று சொல்லிட்டு ஒரு நிமிஷத்தில் நகர்ந்திருப்பேன். கிராமத்துப் பதுக்கல், எதிரிச் சொத்து என்கிற முத்திரை, கிடங்கில் சுருண்டு கிடந்த அத்தனை வருஷம், எதுவும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. இந்தத் தொகுப்புக்கு என்ன நடந்தது என்று அந்தக் கிழிந்த விளிம்புதான் சொல்லுது. அப்போதான் அந்தப் பென்சில் ஞாபகம் வந்தது. இத்தனை இழந்த ஒரு மியூசியம், ஒரு சொட்டுப் பேனா மைக்குக்கூட இடம் கொடுக்காது. சரிதானே?

நண்பன் ஒத்துக்கலை. "நீ கதை தெரிஞ்சதால பார்க்கிற. கதை தெரியாத குழந்தைக்கு இது கிழிஞ்ச துணி" என்றான். அதுவும் உண்மைதான். அதனால்தான் இந்தக் கதையை இப்போ உங்களுக்குச் சொல்றேன்.

வெளியே வந்து கட்டடத்தையும் ஒரு சுற்று பார்த்தோம். இதை வடிவமைத்தவர் லே கார்பூசியே. இந்தப் பெயர் கேட்டதும் சண்டிகர் ஞாபகம் வந்திருக்கும். அதே ஆள்தான். அவருக்கு ஒரு கனவு இருந்தது: நத்தை ஓடு மாதிரி நடுவில் ஆரம்பித்து, தொகுப்பு பெருகப் பெருக வெளிப்பக்கம் சுற்றிச் சுற்றி வளர்ந்துகொண்டே போகிற மியூசியம். அந்த எண்ணத்தில் உலகத்தில் கட்டி முடித்தவை மூன்றே மூன்று. ஒன்று அகமதாபாத், ஒன்று சண்டிகர், ஒன்று டோக்கியோ. மூன்றில் ரெண்டு நம்ம நாட்டில் இருக்கு. நான் ரெண்டையும் பார்த்ததில்லை, டோக்கியோவில் போய்த் தெரிஞ்சுக்கிறேன்! 2016ல் யுனெஸ்கோ லே கார்பூசியேயின் 17 படைப்புகளை ஏழு நாடுகளிலிருந்து ஒன்றாகச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இந்த மியூசியமும் அதில் வந்தது, சண்டிகரின் அரசு வளாகமும் வந்தது.

டோக்கியோ நத்தை வளர்ந்ததா? இல்லை. இடம் போதாமல் போனபோது, அவருடைய சீடரான மயேகாவா குனியோ பின்பக்கம் தனியாக ஒரு கட்டடம் கட்டினார். 1979ல் அது முடிந்தது. பழைய கட்டடத்துக்குள்ளே நடந்தால், உயரமான நடுக் கூடத்திலிருந்து ஒரு சரிவுப் பாதை மேலே கொண்டுபோகும். மேல் தளத்தில் சில இடங்களில் கூரை திடீரென்று 226 சென்டிமீட்டருக்கு இறங்கிடும். ஒரு மனிதன் கையைத் தூக்கி நின்றால் எட்டுகிற உயரம் என்பது அவருடைய கணக்கு. நான் தூக்கிப் பார்த்தேன், எட்டலை.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 1995ல் கோபே பக்கம் வந்த பெரிய பூகம்பத்துக்கு அப்புறம், 1998ல் இந்தக் கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடித்தளத்தில் அதிர்வைத் தாங்குகிற அமைப்பைப் பொருத்தினார்கள். முற்றத்தில் நிற்கிற ரோடானின் நரகத்தின் வாசல் சிற்பத்துக்கு அடியிலும் அப்படி ஒன்று இருக்கு. நிலம் ஆடினாலும் நரகம் ஆடாது! அந்தப் படைப்பை வெண்கலத்தில் வார்க்கச் சொல்லி முதன்முதலில் ஆர்டர் கொடுத்ததும் மட்சுகதாதான். ரோடான் அதை வெண்கலத்தில் பார்க்காமலே 1917ல் இறந்துபோனார்.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திங்கள் விடுமுறை. வெள்ளி, சனி ரெண்டு நாளும் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும், அந்த நேரத்தில் கூட்டம் குறைவு. நிரந்தரத் தொகுப்புக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டு. மட்சுகதா வாங்கின இன்னொரு அல்லிக்குளம், முழுசாக இருப்பது, அந்தத் தொகுப்பில்தான் இருக்கு. நான் போன பிறகு முற்றத்தையும் 1959ல் இருந்த நிலைக்குக் கொண்டுவருவதற்காக 2020 அக்டோபரில் மூடி, 2022 ஏப்ரலில் திறந்தார்கள்.

அப்புறம் என் சொந்த யோசனை. எல்லா அறையையும் பார்க்கணும் என்று ஓடாதீங்க. ஒரு ஓவியத்தைப் பிடிங்க. அது யாருடையது, எப்படி இங்கே வந்தது, நடுவில் என்ன ஆச்சு என்று கேளுங்க. கால் வலி குறையும்.

என் ஃபோனில் அந்தப் பயணத்தின் படங்கள் நிறைய இருக்கு. ராமென் கிண்ணம், ரயில், வாசலில் என் செல்ஃபி. அந்தப் பாதி ஓவியத்தின் படம் ஒன்றுகூட இல்லை. நோட்டில் ரெண்டு வரி மட்டும், பென்சிலில், கொஞ்சம் அழிந்துபோய்.

நண்பனிடம் போன வாரம் பேசினேன், இந்த எபிசோட் பற்றிச் சொன்னேன். "இன்னமும் சொல்றேன், வரைஞ்சு முடிச்சிருக்கணும்" என்றான். நீங்க என்ன நினைக்கிறீங்க? வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் போடுறேன். ஹியோகி செய்தது சரியா தப்பா, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.